தொடுவதும் அழுத்துவதும்

பல் வலியோடு வருகிறவர் கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார். முக்கிளை நரம்பு வலியோடு வருகிறவர் அப்படி வரமாட்டார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒற்றை விரலை நீட்டிக் காட்டுவார். விரல் கன்னத்துக்கு ஓர் அங்குலம் முன்பாகவே நின்றுவிடும். தொட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆணாக இருந்தால் முகத்தின் ஒரு பாதி மழுமழுவென்றும் மறுபாதி பல நாள் தாடியோடும் இருக்கும். உதட்டை அதிகம் அசைக்காமல் பேசுவார். பேச்சின் நடுவே சட்டென்று உறைந்துபோய்க் கண்களை இறுக்க மூடிக்கொள்வார். சில நொடிகள் கழித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பழக்கப்பட்ட மருத்துவருக்கு ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுக்கும் முன்பே நோய் இன்னதென்று தெரிந்துவிடும்.

டிரைஜெமினல் நியூரால்ஜியா என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த நோயைக் கண்டறிய இன்றும் ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், ஆனால் அது பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு. நோய் இருக்கிறதா என்பதை நோயாளியின் வாய்மொழிதான் தீர்மானிக்கிறது. முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று வந்து, ஒரு நொடி முதல் அதிகபட்சம் 2 நிமிடம் வரை நின்று, வந்த வேகத்திலேயே மறையும் வலி. பல் தேய்ப்பது, முகம் கழுவுவது, சோற்றை மெல்வது, பேருந்து ஜன்னலோரக் காற்று என்று ஒன்றுமில்லாத காரணங்கள் அதைக் கிளப்பிவிடும். இடைப்பட்ட நேரத்தில் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். இந்தக் கதையைக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. கேட்காமல் படத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 4 முதல் 13 பேருக்குப் புதிதாக வருவதாகக் கணக்கு. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில் அதிகம். இந்தி நடிகர் சல்மான் கான் தனக்கு இந்த நோய் இருந்ததையும் 2011-இல் அமெரிக்கா சென்று சிகிச்சை பெற்றதையும் வெளிப்படையாகச் சொன்ன பிறகு, நம் நாட்டுப் பத்திரிகைகளிலும் இதன் பெயர் கொஞ்சம் அடிபட்டது.

முகத்தின் உணர்ச்சியைச் சுமப்பது மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் ஐந்தாவது. பான்ஸ் என்ற மூளைத்தண்டுப் பகுதியின் பக்கவாட்டிலிருந்து ஒரே வேராகக் கிளம்பி, காதுக்கு உட்புறமாக முன்னோக்கிச் சென்று, ஒரு முடிச்சாகத் திரண்டு, அங்கிருந்து மூன்றாகப் பிரிகிறது. முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் போகின்றன. ஏழாவது நரம்பு வேறு; அது முகத் தசைகளை அசைப்பது, வாய் கோணும் வாத நோயில் கெட்டுப்போவது. இரண்டின் வேலையும் வெவ்வேறு என்பதைத் தெளிவாக்கியவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் பெல். நம் ஊரில் இரண்டையும் 'முக நரம்பு' என்றே சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம்.

நோய் பெரும்பாலும் தாக்குவது இரண்டாவது, மூன்றாவது கிளைகளை. பற்களுக்குப் போகும் நரம்புகளும் அவைதாம். எனவே நோயாளி முதலில் போய் நிற்பது பல் மருத்துவரிடம். ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவார்கள். வலி போகாது. பக்கத்துப் பல்லைப் பிடுங்குவார்கள். இப்படி ஒரு பக்கத்து வரிசையையே இழந்துவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் வந்து சேர்கிறவர்கள் உண்டு. பல் மருத்துவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 'இந்தப் பல்தான், பிடுங்கிவிடுங்கள்' என்று நோயாளியே மன்றாடுவார். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த வலி சில வாரங்கள் வாட்டிவிட்டு, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூடத் தானாகவே விலகி நிற்கும். அந்த ஓய்வுக்கு முந்தைய நாள் எந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தாலும், எந்தக் கஷாயத்தைக் குடித்திருந்தாலும், குணப்படுத்திய பெருமை அதற்குப் போய்விடும்.

1677-இல் பாரிஸில் இதேதான் நடந்தது. தத்துவ ஞானியாக உலகம் அறிந்த ஜான் லாக் ஒரு மருத்துவரும்கூட. இங்கிலாந்துத் தூதரின் மனைவியான நார்தம்பர்லாந்து சீமாட்டிக்கு முகத்திலும் வாயிலும் வந்த கடும் வலியைப் பார்க்க அவரை அழைத்தார்கள். அதற்குமுன் பல் பிடுங்கியும் பயன் இருக்கவில்லை. லாக் தான் கண்டதை லண்டனிலிருந்த மருத்துவ நண்பர்களுக்குக் கடிதமாக எழுதினார். விட்டுவிட்டு வருவது, பேசினாலோ வாயில் ஏதாவது பட்டாலோ கிளம்புவது என்று அவர் குறித்தவை இன்றைய பாடநூலுக்கும் பொருந்தும். அவர் கொடுத்த சிகிச்சை பேதி மருந்து. 1756-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் நிகோலா ஆந்த்ரே, வலியோடு சேர்ந்து முகம் சுளிப்பதைக் கண்டு நோய்க்கு ஒரு பெயர் வைத்தார். 1773-இல் லண்டனில் ஜான் ஃபோதர்கில் இதைத் தனி நோயாக விவரித்தார். மூவருமே நோயைச் சரியாகப் பார்த்தார்கள். காரணம் மூவருக்கும் எட்டவில்லை.

காரணம் தெரியாத வலிக்கு அறுவை மருத்துவர்கள் கண்ட வழி, வலியைச் சுமக்கும் கம்பியை அறுத்துவிடுவது. லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி 1891 வாக்கில் மண்டையைத் திறந்து நரம்பின் வேரை அறுத்தார். அந்த முதல் நோயாளி பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே நியூயார்க்கில் ஹார்ட்லியும் ஜெர்மனியில் கிராஸும் நரம்பு முடிச்சை நோக்கிப் பக்கவாட்டிலிருந்து போகும் வழியைக் கண்டார்கள். 1900-இல் ஹார்வி குஷிங் அதைச் செம்மைப்படுத்தினார். மறு ஆண்டு பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்பில்லர் யோசனை சொல்ல, சார்லஸ் ஃபிரேசியர் முடிச்சை விட்டுவிட்டு அதன் பின்னாலுள்ள வேரை மட்டும் அறுத்தார். வலி போயிற்று. கூடவே முகத்தின் உணர்ச்சியும் போயிற்று. கண்ணின் கருவிழி மரத்துப்போனவர்களுக்குத் தூசி விழுந்தாலும் தெரியாமல் புண்ணாகிப் பார்வை கெட்டது. மரத்துப்போன கன்னத்திலேயே இடைவிடாத எரிச்சல் வலி கிளம்பிய துரதிர்ஷ்டசாலிகளும் இருந்தார்கள். உணர்ச்சியற்ற இடத்தில் எழும் அந்த வலிக்கு இன்றுவரை நல்ல மருந்து இல்லை.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைப்பவர் வால்டர் டேண்டி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1920-களில் எல்லோரும் போன பக்கவாட்டு வழியை விட்டுவிட்டுக் காதுக்குப் பின்னால், சிறுமூளைக்கு அருகே திறந்தார். அங்கிருந்து பார்த்தால் நரம்பு மூளைத்தண்டை விட்டுக் கிளம்பும் இடமே கண்ணில் படும். அறுத்தது அவரும் நரம்பைத்தான்; ஆனால் அறுக்கும் முன் பார்த்தார், பார்த்ததைக் குறித்து வைத்தார். 1934-இல் 215 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு மேல் சிறுமூளைத் தமனி நரம்பின்மேல் அழுத்திக்கொண்டிருந்தது. 14 சதவீதம் பேருக்கு ஒரு சிரை. நோயின் காரணம் இதுதான் என்று அவர் எழுதவும் செய்தார். ஆயினும் அவர் பாட்டுக்கு நரம்பை வெட்டிக்கொண்டே இருந்தார்.

ஏன் என்று கேட்பது எளிது. அவர் கையில் அறுவை நுண்ணோக்கி இல்லை. ஆழமான குழிக்குள், மூளைத்தண்டுக்கே ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனியைத் தொட்டு நகர்த்தும் துணிவு வெறுங்கண்ணோடு வேலை செய்கிறவருக்கு வராது; வந்திருந்தால் நோயாளிகள் பலர் மேசையிலேயே இறந்திருப்பார்கள். நரம்பை வெட்டினால் வலி போகும் என்பது உறுதி. நாளத்தை நகர்த்தினால் போகும் என்பது ஊகம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் வெட்டித்தான் இருப்பேன்.

1950-களில் கதை ஒரு விசித்திரமான வளைவு எடுத்தது. டென்மார்க்கில் பாலே டார்ன்ஹோய், நரம்பின் மேலிருந்த உறையைத் திறந்து இறுக்கத்தைத் தளர்த்தினாலே வலி போகிறது என்று 1952-இல் சொன்னார். அதைச் செய்து பார்த்த அமெரிக்கக் குழு ஒன்று 1955-இல் நேர்மாறான முடிவுக்கு வந்தது: குணம் தந்தது இறுக்கம் தளர்ந்ததல்ல, தளர்த்தும்போது நரம்பு லேசாக நசுங்கியதே, ஆகவே வேண்டுமென்றே நசுக்கினால் போதும். அவர்கள் சொன்னதும் பலித்தது. அந்த யோசனையின் வழியில்தான் 1983-இல் மல்லனும் லிக்டரும், கன்னத்தின் வழியாக ஊசி செலுத்திச் சிறு பலூனை ஊதி நரம்பு முடிச்சை நசுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆக, அழுத்தத்தால் வரும் வலியை அழுத்தியே போக்க முடிகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து வந்தவரை ஏன் பலர் நம்ப மறுத்தார்கள் என்பது புரியும்.

அடுத்து வந்தவர் பீட்டர் ஜனெட்டா. 1960-களின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் அறுவை பயின்றுகொண்டிருந்தார். பல் மருத்துவ மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, சடலத்தின் முக்கிளை நரம்பை நுண்ணோக்கியின் கீழ் பிரித்தெடுக்கும் வேலை அவருக்கு வந்தது. அந்தப் பெரிதாக்கிய காட்சி அவரை நோயாளிகளின் நரம்பையும் அதேபோல் பார்க்கத் தூண்டியது. ராபர்ட் ராண்டோடு சேர்ந்து 1966-இல் அறுவை செய்தபோது, நரம்பு மூளைத்தண்டோடு சேரும் இடத்தில் தமனி துடித்துத் துடித்து இடிப்பதைக் கண்டார். முடிவுகள் 1967-இல் அச்சாயின. அவருக்கு முன்பே, 1959-இல், கிளீவ்லாந்து கிளினிக்கின் ஜேம்ஸ் கார்ட்னர் நாளத்தை விலக்கி நரம்பை விடுவித்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நுண்ணோக்கியைக் கொண்டு அதை ஒழுங்கான, பிறருக்குக் கற்றுக்கொடுக்கக் கூடிய அறுவையாக்கியவர் ஜனெட்டாதான். 1971-இல் பிட்ஸ்பர்க் சென்று, அங்கே பல்லாண்டுகள் இதே வேலையாக இருந்தார். ஏழாவது நரம்பை நாளம் அழுத்துவதால் பாதி முகம் தன்னிச்சையாகத் துடிக்கும் நோய்க்கும் இதே அறுவையைச் செய்தார். 2016-இல் காலமானார்.

எதிர்த்தவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுவது இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாகச் செய்வது. அது நியாயமில்லை. அவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் கனமானவை. ஒன்று: முகவலியே அறியாமல் வாழ்ந்து இறந்தவர்களின் சடலங்களிலும் நாளம் நரம்பைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது? இரண்டு: நாளத்தை நகர்த்தும் சாக்கில் நரம்பைத் தட்டித் தடவுகிறீர்கள், குணம் அந்தக் காயத்தால் வந்ததில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது. குணம் காயத்தால் வந்ததென்றால், முகம் மரத்துப்போனவர்களுக்கே வலி நன்றாகப் போயிருக்க வேண்டும். ஜனெட்டாவின் குழு 1997-இல் தங்கள் நோயாளிகளை இந்தக் கண்ணோடு அலசியது. மரத்துப்போவதற்கும் குணமாவதற்கும் அப்படித் தொடர்பு இருக்கவில்லை. பெரும்பாலோருக்கு முகம் மரக்கவே இல்லை, வலி மட்டும் போயிருந்தது. அறுவை நடக்கும்போதே நரம்பின் கடத்துதிறனை அளந்த இன்னொரு குழு, நாளத்தை விலக்கியதும் கடத்தல் சீராவதை 1998-இல் காட்டியது. காயம்பட்ட நரம்பு அப்படிச் செய்யாது. பிரிட்டனில் பிரிஸ்டல் நகரத்துக் குழு, அழுத்தம் பட்ட இடத்து நரம்பைத் துளி எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அங்கே நரம்பிழைகளைச் சுற்றியிருக்க வேண்டிய மையலின் உறை உரிந்துபோயிருப்பதைப் படமாகவே காட்டியது.

அந்த உறைதான் நோயின் மையம். மின்கம்பியின் மேலிருக்கும் ரப்பர் உறை தேய்ந்தால் பக்கத்துக் கம்பிக்கு மின்சாரம் தாவுவதைப்போல, உறையிழந்த இழைகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் தொடுவுணர்ச்சியைச் சுமக்கும் இழையின் சமிக்ஞை வலியைச் சுமக்கும் இழைக்குத் தாவிவிடுகிறது. மெல்லிய காற்று கன்னத்தில் பட்டாலே சுரீரென்பது இதனால்தான். உறையிழந்த இழைகள் தாமாகவே சுடத் தொடங்குவதும், ஒன்று சுட்டால் அக்கம்பக்கத்து இழைகள் தொற்றிக்கொண்டு வெடிப்பதும், பிறகு களைத்துச் சில நிமிடம் அடங்குவதும் சேர்ந்தே வலியின் அந்த விசித்திர நடையை உண்டாக்குகின்றன என்று இஸ்ரேலிய ஆய்வாளர் மார்ஷல் டெவோரும் அவர் சகாக்களும் விளக்கியிருக்கிறார்கள். உறை எங்கே வேண்டுமானாலும் இவ்வளவு எளிதில் கெடுவதில்லை. மூளைக்குள் மையலினை உருவாக்கும் செல் ஒருவகை. மூளைக்கு வெளியே இன்னொரு வகை. நரம்பின் வேர் மூளைத்தண்டை விட்டுக் கிளம்பிச் சில மில்லிமீட்டர் வரை மூளை வகை உறையையே போர்த்தியிருக்கிறது. பிறகுதான் உறை மாறுகிறது. அந்தச் சில மில்லிமீட்டர்தான் அழுத்தம் தாங்காத இடம். வயது ஏறத் தமனிகள் நீண்டு வளைந்து தொங்குகின்றன. தொங்கும் வளைவு அந்த இடத்தில் போய்ச் சாய்ந்தால் ஒவ்வொரு நாடித்துடிப்பும் ஓர் இடி. நோய் ஏன் நடுவயதுக்குப் பிறகு வருகிறது என்பதற்கு இது ஓரளவு விடை.

முதல் கேள்வி அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை. நுண்ணிய எம்.ஆர்.ஐ. வந்த பிறகு அது இன்னும் கூர்மையானது. டென்மார்க்கில் மார்பியர்க் என்பவர் தலைமையில் 135 நோயாளிகளின் இரு பக்க நரம்புகளையும் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. வலிக்கும் பக்கத்தில் 89 சதவீதம் பேருக்கு நாளம் நரம்பைத் தொட்டிருந்தது. வலியே இல்லாத மறுபக்கத்தில்? 78 சதவீதம். இந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டால் ஜனெட்டாவின் கோட்பாடு சரிந்துவிடும். ஆனால் அவர்கள் நாளம் தொட்டதா என்பதோடு நிற்காமல், நரம்பை இடம் பெயர்த்திருக்கிறதா, மெலிய வைத்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அப்போது கணக்கு 53-க்கு 13 என்று மாறியது. தொடுவது எல்லோருக்கும் சகஜம். அழுத்தி உருக்குலைப்பதுதான் நோயோடு சேர்ந்து வருகிறது.

படத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஏதோ தலைவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த ஒருவரின் அறிக்கையில் 'ரத்த நாளம் ஐந்தாவது நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது' என்று ஒரு வரி இருக்கலாம். அந்த வரியைப் படித்துவிட்டுப் பதறி வருகிறவர்களும், அதைக் காட்டி அறுவைக்கு அழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நாள் முழுக்க மந்தமாக எரியும் முகவலிக்கும், தாடை மூட்டு வலிக்கும், சைனஸ் வலிக்கும் இந்த அறுவை உதவாது. படத்தில் எது தெரிந்தாலும் உதவாது. முதலில் கதை பொருந்த வேண்டும். படம் அப்புறம் வந்து, கட்டி ஏதும் இல்லையே, மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் இல்லையே, நாளம் வெறுமனே தொடுகிறதா அழுத்துகிறதா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். இன்றைய சர்வதேச வகைப்பாடு நோயை மூன்றாகப் பிரிப்பதும் இதை ஒட்டித்தான்: நாளம் அழுத்தி உருக்குலைத்திருப்பது, வேறொரு நோயால் வந்திருப்பது, காரணமே தென்படாதது.

கதை பொருந்திவிட்டால் உடனே கத்தியை எடுப்பதில்லை. முதல் சிகிச்சை மாத்திரை. கார்பமசெபின் என்ற மருந்தை 1953-இல் சுவிட்சர்லாந்தின் கைகி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் உருவாக்கினார். 1962-இல் ஸ்வீடனின் சிக்ஃப்ரிட் பிளோம் அது இந்த முகவலியை அடக்குவதைக் கண்டு 'லான்செட்' இதழில் எழுதினார். இன்று வலிப்பு மருந்தாகவே அறியப்படும் இதற்கு 1968-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி கிடைத்தது முகவலிக்கே. வலிப்புக்கு அனுமதி 1974-இல்தான் வந்தது. வழக்கமான வலி மாத்திரைகள் எதற்கும் அசையாத வலி இந்த மாத்திரையில் ஓரிரு நாளில் அடங்குவது பெரும்பாலான நோயாளிகளுக்கு அற்புதம்போல் இருக்கும். அப்படி அடங்குவதே நோய் இன்னதென்பதற்கு ஒரு சாட்சியும்கூட.

அற்புதத்துக்கு விலை உண்டு. தள்ளாட்டம், மந்தம், இரட்டைப் பார்வை, முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்துபோவது. மிக அரிதாக, தோலும் வாயும் கொப்புளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற உயிராபத்தான ஒவ்வாமை. எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். அந்த வகை ஆசிய வம்சாவளியினரிடம் காணப்படுவதால், மருந்தைத் தொடங்கும் முன் அவர்களைச் சோதிக்கும்படி 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு தென்பட்டால், மருத்துவரிடம் காட்டும் முன்பே அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிடுவது நல்லது. ஆண்டுகள் ஓட, அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிவரும். ஒரு கட்டத்தில் வலியைத் தாங்குவதா மயக்கத்தைத் தாங்குவதா என்ற நிலை வரும். அறுவையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதும் நல்லதில்லை என்பதைக் கீழே வரும் கணக்கு காட்டும்.

மைக்ரோவாஸ்குலர் டீகம்ப்ரஷன், மருத்துவர்களின் பேச்சில் எம்.வி.டி., இப்படி நடக்கிறது. முழு மயக்கம் கொடுத்து, வலிக்கும் பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார்கள். காது மடலுக்குப் பின்னால் ஒரு பட்டை அளவுக்கு முடியை மழித்து, சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, எலும்பில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் அகலத்துக்குத் திறக்கிறார்கள். இடம் துல்லியமாக அமைய வேண்டும்: மூளையின் இரண்டு பெரிய சிரைக் கால்வாய்கள் சந்திக்கும் மூலை அது. கொஞ்சம் விலகினால் கால்வாய் கிழியும். மூளை உறையைத் திறந்ததும் அறுவை நிபுணர் அவசரப்படுவதில்லை. முதலில் மூளைத்திரவத்தை வடியவிட்டுக் காத்திருக்கிறார். திரவம் வடிய வடியச் சிறுமூளை தானாகவே தளர்ந்து பின்வாங்கி வழிவிடும். பலவந்தமாக இழுத்துப் பிடித்தால் பக்கத்திலுள்ள எட்டாவது நரம்பு இழுபட்டுக் காது கேட்காமல் போகும். அதனால் நோயாளியின் காதில் 'டிக் டிக்' ஒலியைத் தொடர்ந்து செலுத்தி, மூளைத்தண்டு அதற்குத் தரும் மின்பதிலை ஒருவர் திரையில் கண்காணித்துக்கொண்டே இருப்பார். பதில் தாமதமானால் 'நிறுத்துங்கள்' என்பார், கருவிகள் நின்றுவிடும்.

வழியில் ஒரு சிரை குறுக்கிடும். அதற்கு டேண்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அதைச் சுட்டு அறுத்துவிடுவார்கள். சிலருக்குப் பின்னால் சிறுமூளை வீங்குவதைக் கண்டதால் இப்போது முடிந்தவரை காப்பாற்றுகிறார்கள். அதைத் தாண்டிச் சிலந்திவலைபோன்ற மெல்லிய சவ்வைக் கத்தரித்தால், ஐந்தாவது நரம்பு வெளிறிய பட்டையாகத் தெரியும். மேல் சிறுமூளைத் தமனி பெரும்பாலும் மேலிருந்து வளைந்து இறங்கி, நரம்பின் உட்பக்கத்து மடிப்பில் புகுந்துகொண்டிருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. நரம்பின் முழு நீளத்தையும், முன்னும் பின்னும், தேட வேண்டும். ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இன்னொன்றை விட்டுவிட்டதால் தோற்ற அறுவைகள் உண்டு. தமனியை மெல்லத் தூக்கியதும், அது அழுந்திக் கிடந்த இடத்தில் நரம்பில் ஒரு பள்ளமும் சாம்பல் நிறமும் தெரியும். டெஃப்ளான் நாரைப் பிய்த்து உருட்டிய சின்னச் சுருள்களை இரண்டுக்கும் நடுவே வைத்து, தமனி மறுபடி வந்து சாயாதபடி செய்கிறார்கள். ஆரம்பத்தில் ஜனெட்டா தசைத்துண்டைக்கூட வைத்துப் பார்த்தார். உடல் அதைக் கரைத்துவிட்டது. டெஃப்ளான் கரையாது. அதுவும் நரம்பில் பட வேண்டாமே என்று தமனியைத் தூக்கி மேலே கட்டிவிடுகிறவர்களும் உண்டு. நரம்பு எங்கும் வெட்டப்படுவதில்லை. மயக்கம் தெளிந்ததுமே பலருக்கு வலி போயிருக்கும்.

இதன் நீண்டகாலப் பலனுக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுவது, 1996-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி'னில் பார்க்கரும் ஜனெட்டாவும் வெளியிட்ட கணக்கு. 1972 முதல் 1991 வரை அறுவை செய்துகொண்ட 1185 பேர். 10 ஆண்டுகளுக்குப் பிறகு 70 சதவீதம் பேர் மாத்திரையே இல்லாமல் வலியின்றி இருந்தார்கள். 30 சதவீதம் பேருக்கு வலி எப்போதாவது திரும்பியது, பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளில். 11 சதவீதம் பேருக்கு இரண்டாம் அறுவை தேவைப்பட்டது. இருவர் இறந்தார்கள். ஒருவருக்கு மூளைத்தண்டில் ரத்தவோட்டம் தடைப்பட்டது. 16 பேருக்கு அந்தப் பக்கத்துக் காது போயிற்று. 8 ஆண்டுகளுக்கு மேல் வலியோடு காத்திருந்தவர்களுக்கும், அழுத்தியது தமனியாக இல்லாமல் சிரையாக இருந்தவர்களுக்கும் வலி திரும்பும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

இந்த எண்களை வாசிக்கும்போது இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. இவை இந்த அறுவையைக் கண்டெடுத்தவரே, உலகிலேயே அதிகம் செய்த இடத்தில் செய்து பெற்றவை. ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ செய்கிற இடத்தில் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. 'நீங்கள் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?' என்று நோயாளி கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அடுத்து, இவை நோயாளிகளைப் பின்தொடர்ந்து சேர்த்த கணக்கு. மருந்துக்குச் செய்வதுபோல் ஒரு பாதிப்பேருக்குப் பொய் அறுவை செய்து ஒப்பிட்டதல்ல. மண்டையைத் திறந்து மூடி ஏமாற்றும் ஆய்வுக்கு எந்த அறக்குழுவும் எளிதில் ஒப்புக்கொள்ளாது.

மண்டையைத் திறக்கும் அளவுக்கு உடல்நிலை இல்லாதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பு முடிச்சைச் சூட்டால் சுடுவது ஒன்று. முன்பு சொன்ன பலூன் இன்னொன்று. கிளிசரால் திரவத்தை ஊற்றும் முறை தற்செயலாகக் கிடைத்தது. ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் உருவாக்கிய காமா நைஃப் கதிர்வீச்சுக்கு இலக்கை அடையாளம் காட்ட, டான்டலம் பொடியைக் கிளிசராலில் கலந்து செலுத்தினார்கள். கதிரைப் பாய்ச்சும் முன்பே நோயாளிகளுக்கு வலி போய்விட்டது. ஸ்டென் ஹோகன்சன் 1981-இல் இதை எழுதினார். காமா நைஃபில் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. ஆனால் பலன் தெரிய வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். இவை எல்லாமே நரம்பைக் கொஞ்சமாவது காயப்படுத்தித்தான் வேலை செய்கின்றன. முகம் ஓரளவு மரத்துப்போகலாம், சில ஆண்டுகளில் வலி திரும்பவும் கூடும். 80 வயதில் இதயநோயும் உள்ளவருக்கு இது நல்ல பேரம். 50 வயதில் திடமாக இருப்பவருக்கு, படத்தில் தமனி தெளிவாக அழுத்திக்கொண்டிருந்தால், எம்.வி.டி.தான் முதல் தேர்வு என்பது என் கருத்து. பெரும்பாலான வழிகாட்டு நெறிகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

மிச்சமிருப்பவர்கள் ஒரு கூட்டம்: கதை அப்படியே பொருந்தும், மாத்திரைக்கும் கட்டுப்படும், படத்தில் மட்டும் எந்த நாளமும் இல்லை. இவர்களில் இளவயதினரும் பெண்களும் கணிசம். நாள அழுத்தமே இல்லாமலும் இந்த நோய் வருகிறது, அறுவைக்குப் பிறகு அழுத்தமே இல்லாமல் திரும்பவும் வருகிறது என்று ஓரிகனில் பர்ச்சியலின் குழு 2014-இல் காட்டியது. இவர்களுக்குச் சில நிபுணர்கள் நரம்பின் இழைகளை நீளவாக்கில் சீப்பால் வாருவதுபோல் பிரித்துவிடுகிறார்கள். வலி குறைகிறது, ஈடாகக் கன்னம் ஓரளவு மரத்துப்போகிறது. படத்தில் நாளம் இருப்பதாக நினைத்துத் திறந்து, உள்ளே இல்லாமல் போவதும் உண்டு. அப்போது இழைகளைப் பிரிப்பதா, எதையும் தொடாமல் மூடிவிடுவதா என்பதை மயக்கத்தில் இருப்பவரிடம் கேட்க முடியாது. ஆகவே சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலை எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.